கோழிக்குப் போன ரேஷன் அரிசி

கோழிகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான். கல்லூரியில் கூடப் படித்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். கொரோனா வந்த அந்தக் கோடையில் எங்கள் ஊரில் யார் நன்றாக இருந்தார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

எருமப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மொட்டைமாடியில் நின்றால் கொல்லிமலை தெரியும். மலைக்கும் நமக்கும் நடுவில் தெரிவதெல்லாம் கோழிச் செட்டுகள்தான், ரயில் பெட்டிகளைப் போல நீளநீளமாக. ஊர் ஓரத்துப் பண்ணை ஒன்றில் அம்மா முட்டை பொறுக்கும் வேலை பார்த்தாள். அப்பா முட்டை லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள். நான் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, சேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன்.

முதலில் வந்தது நோயல்ல, வதந்தி. கோழி தின்றால் கொரோனா வரும் என்று போனுக்குப் போன் ஒரு படம் சுற்றியது. அப்படி இல்லை என்று டீக்கடையில் நின்று நான் விளக்கினேன். “வாத்தியார் சொன்னாச் சரிதானுங்க” என்று தலையாட்டிவிட்டு எல்லோரும் முட்டை போண்டாவை ஒதுக்கினார்கள். முட்டை லாரிகள் நின்றன. அப்பா வீட்டில் உட்கார்ந்தார். பள்ளியை மூடினார்கள், சம்பளம் நின்றது. பிறகு ஊரடங்கு வந்தது.

பண்ணைக்காரர் வேலையாட்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பேசியதை அம்மா அப்படியே சொன்னாள்.

“உள்ள வாரவங்க வரலாம். வந்தா, இது அடங்கற வரைக்கும் வெளிய போகக் கூடாது. போனா மறுக்கா உள்ள வரக் கூடாது. சோறு, படுக்கை எல்லாம் நான் பாத்துக்கறேன். ஊருக்குள்ள சீக்கு வந்து நீங்க எல்லாரும் படுத்துட்டா, கோழிக்கு ஆரு தண்ணி காட்டறது?”

கோழிப் பண்ணைக்கு இது புதிதல்ல. உள்ளே போகும் லாரிச் சக்கரம் மருந்துத் தொட்டியில் இறங்கித்தான் ஏறும். செருப்புக் காலை மருந்தில் நனைக்காமல் செட்டுக்குள் போக முடியாது. உலகம் அப்போதுதான் கை கழுவக் கற்றுக்கொண்டிருந்தது. கோழிகளுக்காக எங்கள் ஊர் பல வருடமாகக் கால் கழுவிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் வேறு வருமானமில்லை. அம்மா ஒரு கட்டைப்பையில் சீலைகளையும் தேங்காய் எண்ணெயையும் எடுத்து வைத்தாள்.

“எப்ப வருவ?” என்று கேட்டேன்.

“கேட்டத் தொறந்தா வந்துருவேன் சாமி. வெள்ளாமைக் காலத்துல தோட்டத்துச் சாளைக் குடிசைக்குக் காவலுக்குப் போறதில்லயா? அப்புடி நெனச்சுக்க.”

கேட்டைத் திறந்தால் வந்துவிடுவாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கோடையை நான் தள்ளினேன்.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். முதல் நாள் சோறு குழைந்து போனது. மறுநாள் அரிசி வேகவில்லை. அப்பா அம்மாவுக்குப் போன் போட்டு, “சோத்துக்கு எத்தனை தண்ணி வெக்கோணும்?” என்று கேட்டார். அந்தப் பக்கம் அம்மா சிரித்தாள். அவள் மட்டுமல்ல, கூட இன்னும் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சாயங்காலங்களில் பண்ணையின் கம்பி வேலிக்குப் போவேன். வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரம். நான் அதன் அடியில் நிற்பேன், அம்மா உள்ளே தள்ளி நிற்பாள். அவள் உள்ளே போன முதல் வாரமே அவளைப் பார்த்துப் பயந்துவிட்டேன். உடம்பு தேறியிருந்தாள். கண்ணுக்குக் கீழே எப்போதும் இருக்கும் கருப்பு வெளுத்திருந்தது. தலையில் கனகாம்பரம் வேறு. அடுப்பு இல்லை, குடத்தோடு தெருக்குழாயில் நிற்கிற வேலை இல்லை, அப்பாவும் நானும் இல்லை. மனுஷி தூங்கி எழுந்திருக்கிறாள்.

ஒரு நாள் அவள், “இரு சாமி, வாரேன்” என்றாள். என்னிடம் வருவதாகத்தான் சொல்கிறாள் என்று வேலியை நெருங்கினேன். அவள் திரும்பி நடந்தாள். செட்டு வாசலில் பாவாடையும் சட்டையுமாக ஒரு பெண் சீப்போடு நின்றிருந்தாள். ஒடிசாவிலிருந்து கணவனோடு வந்து பண்ணையில் தங்கி வேலை செய்கிறவள், என்னைவிட இளையவள். அம்மா அவளை உட்காரவைத்துச் சிக்கெடுத்துச் சடை பின்னிவிட்டாள். அந்தப் பெண் ஏதோ சொல்ல, அம்மா அவள் பாஷையிலேயே ஒரு வார்த்தை பதில் சொன்னாள். எனக்குத் தெரியாத ஒரு பாஷையில் என் அம்மா பேசியதை அன்றுதான் கேட்டேன். சாமி என்பது எங்கள் பக்கத்தில் யாரையும் கூப்பிடுகிற சொல்தான், கண்டக்டரைக்கூடக் கூப்பிடுவார்கள். ஆனால் அம்மா சொல்கிற சாமிக்கு ஒரு இழுப்பு உண்டு. அது எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

கோழிகளையும் அப்படித்தான் கூப்பிட்டாள். “என்ற சாமிக, தண்ணி வருதா பாருங்க” என்று கூண்டு வரிசையோரம் அவள் பேசிக்கொண்டு போவது வேலி வரை கேட்கும்.

மே மாத வெயிலில் எங்கள் தெருக்குழாய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாய் மண்ணைக் கக்கின. செட்டுக்குள்ளோ, மத்தியானமானால் கூரைக்கடியில் புகை மாதிரி தண்ணீரைத் தூவுவார்கள், கோழி சூடு தாங்காமல் சாகக் கூடாதென்று. குடிதண்ணீரில் வைட்டமின் கலப்பார்கள். மனிதனுக்கு உலகத்தில் எங்குமே தடுப்பூசி இல்லாத அந்த நாளில் கோழிகளுக்கு அவற்றின் ஊசி தவறாமல் விழுந்தது. அம்மாதான் ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் கொடுத்தாள். நானோ ஜலதோஷம் பிடித்து மூன்றாவது தும்மலில் அப்பாவால் மாடிக்கு அனுப்பப்பட்டு, அங்கே படுத்துக்கொண்டு தூரத்துச் செட்டில் ஓடும் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எப்படிப் பொறாமைப்படாமல் இருப்பது?

ஈ கூட எங்களுக்குத்தான் வந்தது. கோழி எருவை மலைத் தோட்டங்களுக்கு ஏற்றிப்போகும் லாரிகள் நின்றுவிட்டன. கூண்டுக்கடியில் எரு குவிந்து கூண்டைத் தொட்டது. பண்ணைக்காரர் ஒரு பகுதியை வாரி வேலிக்கு வெளியே கொட்டினார். வேண்டியவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்றார். சும்மா கிடைக்கிறதென்று ஊரே அள்ளிக்கொண்டு போய், மட்கவும் விடாமல் மரவள்ளிக்குப் போட்டது. ஒரு கோடைமழை பெய்தது. மரவள்ளி இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. நனைந்த எருவிலிருந்து ஈ கிளம்பியது. சோற்றில் ஈ, கொடித்துணியில் ஈ, தூங்குகிறவர் உதட்டில் ஈ. சம்பளம் தராவிட்டாலும் பள்ளி நடத்தச் சொன்ன பாடத்தைப் போனில் நான் நடத்திக்கொண்டிருக்கும்போது ஒரு பையன், “சார், மூஞ்சியில ஈங்க சார்” என்றான். துரத்தினேன். “இப்ப மூக்குலீங்க சார்.” அன்று ஒளிச்சேர்க்கை யாருக்கும் புரிந்திருக்காது.

வேலியில் நின்று அம்மாவிடம் இதைப் புகாராகச் சொன்னேன்.

“இங்க அத்தனை இல்ல சாமி. செட்டுக்குள்ள மழை படறதில்லயே. எரு காஞ்சு கெடந்தா ஈ சேராது” என்றாள். அவள் முகத்தில் ஒரு ஈ இல்லை.

விற்காத முட்டைகளைப் பண்ணைக்குள் வேலியோரம் ஒரு குழியில் கொட்டினார்கள். அந்தக் குழிக்கு மேலே காகங்கள் வட்டமிட்டபடி இருந்தன. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் அப்பா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்விடுவார். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் வாய்க்கு ஒரு மாதிரி இருக்கிறதென்று பேச்சு வந்தது. ஊர்ப் பெரியவர்கள் பண்ணைக்காரரைப் பார்த்து வந்தார்கள். “லாரி ஓடட்டுமுங்க, எல்லாஞ் சரியாயிரும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். லாரி ஓடவில்லை.

லாரி ஓடாததால் வந்த அடுத்த சங்கடம் தீனி. வடக்கிலிருந்து மக்காச்சோளம் வரவில்லை. இருக்கிற தீனி இளங்கோழிக்கு மட்டும்தான் காணும். பண்ணைக்காரர் ஒரு முடிவெடுத்தார். அம்மா வேலை பார்த்த செட்டில் இருந்தவை கிழட்டுக் கோழிகள். அவற்றுக்குத் தீனியை நிறுத்தினார்.

முட்டை விலை படுத்தால் எங்கள் பக்கத்தில் செய்கிற காரியம்தான் இது. தண்ணீர் மட்டும் கொடுத்துப் பட்டினி போட்டால் கோழி முட்டையிடுவதை நிறுத்தும். மெலியும். இறகெல்லாம் உதிர்ந்து பார்க்கச் சகிக்காத கோலத்துக்கு வரும். பிறகு மெல்லத் தீனி கொடுத்தால் புது இறகு முளைத்து, வயது குறைந்தது போல மறுபடி முட்டையிடத் தொடங்கும். அதற்குள் விலை ஏறியிருக்கும். அம்மா இத்தனை வருடம் பண்ணையில் வேலை செய்தும் இதைக் கண்ணால் பார்த்ததில்லை. முட்டை இல்லாத அந்த நாட்களில் பொறுக்குவதற்கு என்ன இருக்கிறது என்று பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் திரும்பப் போகும்போது கோழிகள் தின்றுகொண்டிருக்கும். இந்த முறை அனுப்ப வழியில்லை. போனால் திரும்ப முடியாது என்பதுதான் பேச்சு. அதனால் கூட்டவும் கழுவவும் என்று அவளை அதே செட்டில் விட்டார்கள்.

அன்று சாயங்காலம் வேலிக்கு வந்தவள் தலையில் பூ இல்லை.

“நடந்தா அத்தனையும் கழுத்த நீட்டுதுக சாமி. என்ற சீலைச் சத்தம் அதுகளுக்குத் தெரியுது. தீனித்தொட்டிய அலகுல தட்டுதுக. வெறுந்தொட்டி. டக்கு டக்குன்னு செட்டு முச்சூடும் அதே சத்தம்.”

“அப்ப வீட்டுக்கு வந்துரும்மா” என்றேன். எனக்கு வாய் தித்தித்தது.

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. “ஊட்டுல ரேசன் அரிசி எச்சாக் குடுத்தாங்கல்ல, அது கெடக்குதா?” என்று கேட்டாள்.

கொரோனாவுக்காக அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த அரிசி. நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காக வேகவைக்கக் கற்றுக்கொள்ளாததால் மூட்டை அப்படியே இருந்தது. ஒரு செட்டுக் கோழிக்கு அது ஒரு வேளைக்குக்கூடக் காணாது. அதைச் சொன்னேன்.

“எல்லாத்துக்கும் போட நானென்ன மழையா? தண்ணித்தொட்டியோரம் ஒரு வரிசை இருக்குதல்ல, நான் மத்தியானம் உக்காந்துக்கற எடம். அதுகளுக்கு மட்டும்.”

“மத்த கோழிக பாத்துட்டு இருக்காதா? அது மட்டும் நியாயமா?”

“சாக்கு கட்டி மறைச்சுக்கறேன். நீ நியாயத்தப் பள்ளிக்கோடத்துல சொல்லிக்குடு.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் உசுப்பியும் விட்டேன். “நாம திங்கற அரிசிப்பா. அதக் கோழிக்குக் கேக்கறா” என்றேன்.

“நம்ம ரெண்டு பேரு வெச்ச சோத்தக் கோழி கூடத் திங்காது. பச்சையாக் குடுத்தா அதாவது தின்னுட்டுப் போவட்டும்” என்றார். மூட்டையை அவிழ்த்துக்கொண்டே, “அவ எங்கிட்ட எதுவுமே கேட்டதில்லடா. குடுத்துரு” என்றார்.

துணிப்பையில் அரிசி கொண்டு போய் வேலிச் சந்தில் கொடுப்பது என் சாயங்கால வேலையானது. அம்மா பையை வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடுவாள். அரிசியை ஊறவைத்து, உடைந்த முட்டை ஓட்டை நுணுக்கிக் கலந்து போடுகிறேன் என்றாள். “சாப்பிட்டியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தவள் இப்போது, “இன்னைக்கு ஏங் கம்மியா இருக்குது?” என்று கேட்டாள்.

அவள் ஒன்றை யோசிக்கவில்லை. பட்டினிக் கோழி முட்டையிடாது, தின்கிற கோழி இடும். இறகு பஞ்சாகப் பறந்துகொண்டிருந்த அந்தச் செட்டில் தொட்டியோர வரிசை மட்டும் கொழுகொழுவென்று நின்றது. கூண்டின் சரிவில் முட்டை உருண்டு வந்து முன்னால் நின்றது. அம்மா விடிந்ததும் அவற்றைப் பொறுக்கி முந்தானையில் கட்டி, குழியில் போட்டுவிட்டு வருவாள். ஒரு நாள் பண்ணைக்காரர் அவளுக்கு முன்னால் எழுந்துவிட்டார்.

“வந்தாருங்கறேன். செட்டு முச்சூடும் மொட்டைக் கோழி. ஒரு வரிசை மட்டும் கல்யாண ஊட்டுக்குக் கெளம்புனாப்பல நிக்குது. சாக்கத் தூக்கறாரு, முட்டை. இன்னொன்னத் தூக்கறாரு, முட்டை.” அன்று போனில் அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையை அடக்குகிறாளா என்று தெரியவில்லை. “‘ஏனம்மிணி, இந்த வரிசைக்கு மட்டும் தீவாளியா?’ங்கறாரு. நான் சாக்கத் திரும்ப மூடுனேன். ஊட்டுக்கு அனுப்பிருவாராட்ட இருக்குது சாமி.”

அன்று சாயங்காலம் அரிசிப் பையில்லாமல்தான் போயிருக்க வேண்டும். கொண்டு போனேன். பண்ணைக்காரர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கேட்டுக்குள்ளே நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், தள்ளி, அம்மா.

“வாத்தியாரே, அரிசி உங்க ஊட்டதா?”

இல்லை என்று நான் சொல்லியிருந்தால், பண்ணையிலேயே சமையலுக்கு வைத்ததை எடுத்துப் போட்டாள் என்று ஆகியிருக்கும். அது திருட்டு. எங்கள் வீட்டு அரிசி என்றால் சொல் மீறிய குற்றம் மட்டும். எதைச் சொன்னாலும் அவளை வெளியே அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். என் மனசு அதற்குள் வண்டியின் பின்சீட்டைத் துடைத்து, அம்மாவை உட்காரவைத்து, தெரு முனை வரை போய்விட்டது.

“ஆமாங்க. நாந்தான் கொண்டாந்து குடுத்தனுங்க” என்றேன். நன்றாக, சத்தமாகவே சொன்னேன்.

அவர் பையை வாங்கி அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார். புழுவைத் தட்டிவிட்டார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

“பழைய செட்டுக்கு நீ ஆவமாட்டே அம்மிணி. எங்கணக்கே கெட்டுரும். குஞ்சு வருது. குஞ்சுச் செட்டுக்குப் போயிரு.”

முட்டைக்கு மறுபடி விலை ஏறத் தொடங்கியிருந்தது. நோயாளிகளுக்குத் தினம் முட்டை கொடுக்கிறார்கள், எதிர்ப்புச் சக்திக்கு நல்லதாம் என்று டீக்கடையில் இப்போது என்னிடமே விளக்கினார்கள். அதனால் நிறுத்தி வைத்திருந்த குஞ்சுகளைப் பண்ணைக்காரர் வரவழைத்தார்.

என்னிடம் போகிற போக்கில் சொன்னார்: “பசி பாக்க மாட்டாத ஆளுதான் தம்பி குஞ்சுக்கு லாயக்கு. ஒறங்கறதுக்குள்ள பத்துவாட்டி எந்திரிச்சுப் பாப்பா உங்கொம்மா.”

அம்மா முகத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு அனுப்பாததில் அவளுக்கு வருத்தமே இல்லை.

சில வாரத்தில் ஊரடங்கு தளர்ந்தது. பண்ணைக் கேட்டைத் திறந்தார்கள். நான் வீடு கூட்டி, ஈயத் தேக்சாவைப் புளி போட்டு விளக்கி, அம்மாவின் பாயை வெயிலில் போட்டுவிட்டு வண்டியோடு போய் நின்றேன். ஒடிசாப் பெண்ணும் அவள் கணவனும் ரயில் விட்டிருக்கிறார்களென்று மூட்டையோடு கிளம்பினார்கள். அந்தப் பெண் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விடவே இல்லை. போனால் போதும் என்று நான் நின்றிருந்தேன். அவர்கள் வேன் திரும்பியதும் அம்மா என்னிடம் வந்தாள். கையில் கட்டைப்பை இல்லை.

“குஞ்சுக்கு ரெக்கை மொளைக்கட்டும் சாமி. இப்ப உட்டுட்டு வந்தா அதுகளுக்கு அனல் ஆரு பாப்பா? கொஞ்சங் கொறைஞ்சாலும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிச் செத்துப்போகும்.”

“கேட்டத் தொறந்தா வருவேன்னு சொன்னீல்ல?”

“நீ பெரிய மனுசனாயிட்ட. அதுகளுக்குத் தீனிய அலகுல தொட்டுக் காட்டோணும். இதுதான் தண்ணின்னு மூக்க நனைச்சுக் காட்டோணும்.” முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உங்கொப்பன் வேலையில்லாமத்தான உக்காந்திருக்குது? அந்த ஒடிசாப் பையன் போயிட்டான். குஞ்சுக்கு அனல் போடற கரியடுப்புப் பாக்க ஒரு ஆம்பளை வேணும்னு மொதலாளி கேக்கறாரு. வரச் சொல்லு” என்றாள்.

முட்டை லோடு முழுதாக ஓடவில்லை, அப்பாவுக்கும் வழியில்லை. நான் சொன்னதும் அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. சட்டையைத் துவைத்துப் போட்டார். மறுநாள் முகம் வழித்துக்கொண்டார். அவர் அத்தனை சுறுசுறுப்பாக எங்கும் கிளம்பி நான் பார்த்ததில்லை. பண்ணை வாசலில் இறக்கிவிட்டபோது, “சோத்துக்கு ஒண்ணுக்கு ரெண்டே கால் தண்ணி. மறந்துறாத” என்று சொல்லிவிட்டுக் காலை மருந்தில் நனைத்து உள்ளே போனார்.

வீட்டில் என் ஒருவனுக்குச் சமைத்து, ஈயை விரட்டித் தின்று, போனில் பாடம் நடத்தினேன். ரெண்டு நாள் போகக் கூடாது என்று இருந்தேன். மூன்றாம் நாள் போய்விட்டேன்.

குஞ்சுச் செட்டுக்கு வெளியாளை விடமாட்டார்கள், வேப்பமரத்தடியிலிருந்து அதன் ஒரு முனை தெரியும். படுதாவைப் பாதி சுருட்டியிருந்தார்கள். உள்ளே மஞ்சள் வெளிச்சம். அப்பா குத்துக்காலிட்டு ஒரு தட்டைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். குஞ்சுகள் மஞ்சள் மாவு சிந்தியது போல அவர் காலைச் சுற்றி நகர்ந்தன. அம்மா அவர் கையைப் பிடித்து, அப்படியில்லை, இப்படி என்று மெல்லத் தட்டிக் காட்டினாள். அவர் என்னவோ சொன்னார். அவள் அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் வேலையிலிருந்து வரும்போது மற்றவர் கிளம்பிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் சேர்ந்து எதையும் பார்த்துச் சிரித்து எனக்கு நினைவில்லை.

“ம்மா” என்று கூப்பிட்டேன். கொஞ்சம் பலமாகவே கூப்பிட்டுவிட்டேன்.

குஞ்சுக் கூட்டம் ஒரே அலையாக மூலைக்கு ஓடியது. அப்பா பாய்ந்து போய் இரண்டு கையாலும் அவற்றைப் பிரித்துப் பரப்பினார். அம்மா என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை. வாயில் விரலை வைத்தாள். பிறகு வயிற்றைத் தொட்டு, கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் உள்ளே திரும்பிக்கொண்டாள்.

வண்டியை ஸ்டார்ட் செய்யக் காலைத் தூக்கியவன் இறக்கிவிட்டேன். எங்கள் வண்டி உதைத்தால் ஊருக்கே கேட்கும். ஹேண்டிலைப் பிடித்து, எருக் குவியலையும் முட்டைக் குழியையும் தாண்டி, வேலி முடிகிற வளைவு வரை தள்ளிக்கொண்டே போனேன். வேர்த்து ஊற்றியது. எனக்குக் குஞ்சுகளைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.